கணேஷும் வசந்தும் ஏன் இன்னும் ரிடயர் ஆகலை?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

 

இன்னைக்கு ரெண்டு வக்கீல்களைப் பத்திப் பேசப் போறோம். ஒருத்தர் பேர் கணேஷ், இன்னொருத்தர் வசந்த். ஆபீஸ் தம்புச் செட்டித் தெரு, ஹைகோர்ட்டுக்குப் பக்கம். ரெண்டு பேரும் நிஜத்துல கிடையாது. எழுத்தாளர் சுஜாதாவோட கற்பனை. ஆனா தமிழ் படிக்கிற யார்கிட்ட வேணா "பாஸ்"னு ஆரம்பிச்சு ஒரு டயலாக் சொல்லிப் பாருங்க, அது வசந்த்னு உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

கணேஷ் முதன்முதலா வந்தது 1968ல, குமுதத்துல வந்த 'நைலான் கயிறு' தொடர்கதையில. சுஜாதா இறந்தது 2008 பிப்ரவரி 27. நடுவுல நாற்பது வருஷம். இன்னைக்கும் புத்தகக் காட்சிக்குப் போனா இந்தக் கதைகள் புதுப் பதிப்பா அடுக்கி வச்சிருக்கும். வாங்குறவங்கள்ல பாதிப் பேர் அந்தக் கதைகள் வார இதழ்ல வந்தப்போ பிறக்கவே இல்ல. நானும் அந்தக் கட்சிதான். அப்போ கேள்வி இதுதான்: போன் டயல் பண்ற காலத்துக் கதை, டிரங்க் கால் புக் பண்ற காலத்துக் கதை, நமக்கு ஏன் இன்னும் பிடிக்குது?

"சுஜாதா நடை சூப்பர்"னு ஒரு வரியில முடிச்சிடலாம். அது உண்மைதான், ஆனா பத்தாது. நடை நல்லா இருக்கிற எத்தனையோ பேரை நாம மறந்துட்டோம். என் பதில் வேற. அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும்.

குரோம்பேட்டையில் ஒரு இன்ஜினியர்

முதல்ல நம்ம ஏரியா பெருமை. குரோம் லெதர் கம்பெனியால பேர் வாங்கின ஊர் நம்ம குரோம்பேட்டை. ஜி.எஸ்.டி. ரோடுல எம்.ஐ.டி. கேட்னு பஸ்ல தினமும் டிக்கெட் எடுக்கிறோம் இல்லையா, அந்த மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை 1949ல ஆரம்பிச்சவர் சி. ராஜம். அங்கதான் எஸ். ரங்கராஜன்னு ஒரு ஸ்ரீரங்கத்துப் பையன் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சார். அதுக்கு முன்னாடி திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ். அதே ரெண்டு காலேஜ்லயும் அதே காலகட்டத்துல படிச்ச இன்னொருத்தர் அப்துல் கலாம். அவர் ஏரோநாட்டிக்ஸ் பக்கம் போனார்.

ரங்கராஜன் விமானப் போக்குவரத்துத் துறையில வேலை பார்த்தார். அப்புறம் பெங்களூர்ல பாரத் எலெக்ட்ரானிக்ஸ். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கின வேலையில அவருக்கு முக்கியமான பங்கு உண்டு. கதை எழுத ஆரம்பிச்சப்போ குமுதத்துல ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். பேர் குழப்பம் வேண்டாம்னு மனைவி பேரை எடுத்துக்கிட்டார். அதுதான் 'சுஜாதா'.

இதை ஏன் சொல்றேன்னா, ஷெர்லாக் ஹோம்ஸை எழுதின கானன் டாயில் ஒரு டாக்டர். எடின்பரோவுல மருத்துவம் படிச்சப்போ, பேஷன்ட் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அவர் என்ன வேலை செய்யறவர்னு சொல்லிடுற ஜோசப் பெல்ங்கிற பேராசிரியரைப் பார்த்தார். அதுலேர்ந்து வந்தவர்தான் ஹோம்ஸ். அதனாலதான் ஹோம்ஸ் ஒரு ஆளைப் பார்க்கிறது, டாக்டர் பேஷன்ட்டைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். காலணியில மண்ணு, விரல்ல மை, உடனே முடிவு.

சுஜாதா இன்ஜினியர். ரேடியோ ரிப்பேர் பண்ணியிருந்தா தெரியும். சத்தம் வரலைன்னா பார்த்த உடனே ஸ்பீக்கர் போச்சுன்னு சொல்ல முடியாது. முதல்ல கரண்ட் வருதா, அடுத்த ஸ்டேஜ் வேலை செய்யுதா, அதுக்கடுத்தது... ஒவ்வொண்ணா சோதிச்சு, நல்லா இருக்கிறதை எல்லாம் ஒதுக்கிட்டே வரணும். கணேஷ் ஒரு கேஸைப் பார்க்கிறது இப்படித்தான். ஒரு தியரி சொல்லுவான், வசந்த் அதுல ஓட்டை போடுவான். வசந்த் ஒண்ணு சொல்லுவான், கணேஷ் உடைப்பான். கடைசியில உடையாம நிக்கிறது எதுவோ அதை எடுத்துக்குவாங்க.

துப்பறிபவர் இல்ல, வக்கீல்

தமிழ்ல துப்பறியும் கதை சுஜாதாவோட ஆரம்பிக்கலை. ஜே.ஆர். ரங்கராஜு 1908லயே 'ராஜாம்பாள்' எழுதிட்டார், அதுல துப்பறியும் கோவிந்தன். வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் எல்லாம் ஒரு பெரிய வாசகர் கூட்டத்தையே கட்டி வச்சிருந்தாங்க. ஆனந்த விகடன்ல தேவன் எழுதின துப்பறியும் சாம்பு, அசட்டுத்தனத்தாலேயே கேஸை ஜெயிக்கிற பேங்க் குமாஸ்தா. தமிழ்வாணனோட சங்கர்லால் உலகம் சுத்தினார். கணேஷுக்குப் பிறகு ராஜேஷ்குமாரோட விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத் - சுசீலா, சுபாவோட நரேந்திரன் - வைஜெயந்தி.

இந்தக் கூட்டத்துல கணேஷ் எங்க தனியா நிக்கிறான்? அவன் தனியார் துப்பறிபவன் இல்ல, போலீஸ் இல்ல. வக்கீல். மேல்நாட்டுல பெர்ரி மேசன் இருக்கார், தெரியும். ஆனா நம்ம ஊருக்கு இது ஏன் அவ்ளோ பொருந்துச்சுன்னு பாருங்க.

இந்தியாவுல தனியார் டிடெக்டிவுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. 2007ல ராஜ்யசபாவுல ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, அது சட்டமாகவே இல்ல. நிஜ வாழ்க்கையில நம்ம ஊர் டிடெக்டிவ் ஏஜென்சிக்குப் பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்கிற வேலைதான். கொலை நடந்த வீட்டுக்குள்ள அவர் போய் பூதக்கண்ணாடியை எடுத்தா இன்ஸ்பெக்டர் வெளியே தள்ளிடுவார்.

வக்கீல் கதை வேற. கைதான எவருக்கும் தனக்குப் பிடிச்ச வக்கீலை வச்சுக்க உரிமை இருக்குன்னு அரசியலமைப்புச் சட்டம் 22வது பிரிவு சொல்லுது. வக்கீல் குற்றம் சாட்டப்பட்டவரோட தனியா பேசலாம். நடந்து முடிஞ்ச விஷயத்தைப் பத்திக் கட்சிக்காரர் அவர்கிட்ட சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது, அதுக்குச் சாட்சியச் சட்டமே பாதுகாப்பு. கோர்ட்டுல இன்ஸ்பெக்டரையே கூண்டுல நிறுத்தி குறுக்கு விசாரணை பண்ணலாம். அதாவது கொலைக் கேஸுக்குள்ள நேர் வழியில நுழையக்கூடிய ஒரே வெளியாள் வக்கீல்தான். கதை நம்பும்படி இருக்கிறதுக்கு இது ஒரு காரணம்.

சந்தேகம்தான் தொழில்

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். வக்கீல்ங்கிறது வெறும் நுழைவுச் சீட்டு மட்டும் இல்ல. அது கதையோட மனசையே மாத்திடுது.

ஹோம்ஸோட வேலை சந்தேகத்தை முடிச்சு வைக்கிறது. கடைசிப் பக்கத்துல விரலை நீட்டி "இவன்தான்"னு சொல்லணும். கிரிமினல் வக்கீலோட வேலை அதுக்கு நேர் எதிர். "இவன்தான்"னு ஊரே விரலை நீட்டுறப்போ, "எப்படித் தெரியும்?"னு கேட்கிறது. நம்ம சட்டத்துல போலீஸ் அதிகாரிகிட்ட ஒருத்தர் "நான்தான் கொன்னேன்"னு சொன்னாக்கூட, அந்த வாக்குமூலம் கோர்ட்டுல அவருக்கு எதிரா செல்லாது. 1872 சாட்சியச் சட்டத்துல இருந்த விதி, 2024 ஜூலைல அமலுக்கு வந்த புதுச் சட்டத்துலயும் தொடருது. ஏன்? அடிச்சா யார் வேணா எதை வேணா ஒத்துக்குவாங்கன்னு சட்டத்துக்கே தெரியும். தெரிஞ்சது வேற, நிரூபிச்சது வேற. இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. கணேஷ் குடியிருக்கிறது அந்த இடைவெளியிலதான்.

அதனாலதான் கணேஷ் அடிக்கடி ஒரு தர்மசங்கடத்துல மாட்டிக்கிறான். தன் கட்சிக்காரர் மேலேயே அவனுக்குச் சந்தேகம் வரும். காசு கொடுத்தவர் பொய் சொல்றாரோன்னு தோணும். ஆனா கேஸை விட்டுட்டும் போக முடியாது. ஹோம்ஸுக்கு இந்த அவஸ்தை கம்மி.

இன்னைக்கு இது ஏன் முக்கியம்னு நான் விளக்கவே வேண்டாம். ஒரு கொலையோ தற்கொலையோ நியூஸ்ல வந்து பத்து நிமிஷத்துல ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல தீர்ப்பு வந்துடுது. "புருஷன்தான்." "அந்தப் பொண்ணு கேரக்டர் சரியில்ல." "முகத்தைப் பாத்தாலே தெரியுதே." யாரோ ஒருத்தரோட போட்டோ சுத்துது. அடுத்த வாரம் வேற ஆள் கைதானா, முதல் ஆள்கிட்ட யாரும் மன்னிப்பு கேட்கிறதில்ல, குரூப் அடுத்த நியூஸுக்குப் போயிடும். அந்த நேரத்துல, "இருங்க, நமக்கு நேரா தெரிஞ்சது என்ன, யாரோ சொன்னது என்ன?"னு ஒருத்தர் கேட்டா எப்படி இருக்கும்? அந்த ஒருத்தர்தான் கணேஷ். சந்தேகப்படுறதை நம்ம ஊர்ல கெட்ட குணம்னு சொல்லித்தான் வளர்க்கிறாங்க. அது ஒரு நாகரிகமாவும் இருக்க முடியும்னு எனக்குக் காட்டினது இந்தக் கதைகள்தான்.

பேய்க்கும் ஒரு வாய்ப்பு

இதுக்கு நல்ல உதாரணம் 'கொலையுதிர் காலம்'. 1981 வாக்குல குமுதத்துல வந்த தொடர். முழுக்கதை சொல்ல மாட்டேன், படிக்காதவங்க பயப்பட வேண்டாம். ஒரு எஸ்டேட் பங்களா. சொத்துக்கு வாரிசா லீனான்னு ஒரு இளம்பெண். அந்த இடத்துல பேய் நடமாடுதுன்னு பேச்சு. சொத்து விஷயமா போற கணேஷும் வசந்தும் சாதாரணமா விளக்க முடியாத சில காட்சிகளைக் கண்ணாலேயே பார்க்கிறாங்க.

கணேஷ் அறிவியல் பக்கம். லேசர் வச்சு வெறும் காத்துல உருவம் காட்ட முடியும், ஹோலோகிராம்னு ஒண்ணு இருக்குன்னு பேச்சு வருது. ஹோலோகிராஃபியைக் கண்டுபிடிச்ச டென்னிஸ் கேபருக்கு நோபல் கிடைச்சது 1971ல. பத்து வருஷத்துல அது தமிழ் வார இதழ்ல பேய்க் கதைக்குள்ள வந்துடுச்சு. அந்த வார்த்தையையே முதல்ல அந்தத் தொடர்லதான் கேள்விப்பட்டோம்னு சொல்றவங்க என் வீட்டுலயே இருக்காங்க.

ஆனா விஷயம் ஹோலோகிராம் இல்ல. கதை முடியறப்போ எல்லா முடிச்சும் அவிழ்ந்துடாது. அறிவியல் விளக்கம் இருக்கு, ஆனா அது எல்லாத்தையும் மூடிடுதான்னு உறுதியா சொல்ல முடியாது. அறிவியல் தெரிஞ்ச ஒருத்தர், கடைசிப் பக்கத்துல "பேயாவது பூதமாவது"ன்னு நம்மை மட்டம் தட்டியிருக்கலாம். அவர் அதைச் செய்யலை. தீர்ப்பை நம்ம கையில கொடுத்துட்டார். பேய்க்கும் சந்தேகத்தின் பலனை அளிச்ச கதை அது. அதனாலதான் படிச்ச ரெண்டு பேர் சந்திச்சா இப்பவும் "நீ எந்தப் பக்கம்?"னு சண்டை போட முடியுது. முழுசா விடை சொல்லிட்ட கதையை ஒரு தடவைதான் படிப்போம்.

(2019ல நயன்தாரா நடிச்சு இதே பேர்ல ஒரு படம் வந்தது. பேர் மட்டும்தான் ஒண்ணு, கதை வேற.)

"பாஸ், அந்த மெக்ஸிகோ சலவைக்காரி..."

வசந்த் ஆரம்பத்துலேர்ந்தே இல்ல. முதல்ல கணேஷ் தனி ஆள். 'அனிதா இளம் மனைவி'யில டெல்லியில இருப்பான். 'பாதி ராஜ்ய'த்துல நீரஜான்னு ஒரு உதவியாளர் இருப்பாங்க. 'ப்ரியா'வுலதான் வசந்த் வர்றான், வந்ததும் கதையோட வெப்பநிலையே மாறுது.

வாட்சன் ஹோம்ஸைப் பார்த்து ஆச்சரியப்படுறவர். வசந்த் அப்படி இல்ல. அவன் ஜூனியர், ஆனா சரிக்குச் சரி வாயாடுவான். சில சமயம் முக்கியமான பாயின்ட் அவனுக்குத்தான் தோணும். ரெண்டு பேருக்கும் நடுவுல நடக்கிற பேச்சு, டீக்கடையில, ஹாஸ்டல் ரூம்ல, ஆபீஸ் கேன்டீன்ல நாம பேசுற வேகம். பாதி வாக்கியம், நடுவுல கிண்டல், திடீர்னு ஒரு ஸீரியஸ் விஷயம். வயசுல பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்னு இருக்கிற ஊர்ல, சீனியர்கிட்ட ஜூனியர் "பாஸ், நீங்க சொல்றது தப்பு"ன்னு சிரிச்சிட்டே சொல்றான். சீனியரும் கோவிச்சுக்காம யோசிக்கிறார். இப்படி ஒரு மேனேஜர் கிடைக்க மாட்டாரான்னு ஐ.டி. கம்பெனியில இருக்கிற யாருக்குத்தான் தோணாது?

அப்புறம் அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக். வசந்த் கதைக்குக் கதை அதைச் சொல்ல ஆரம்பிப்பான். கணேஷ் நிறுத்திடுவான், இல்லைன்னா யாராவது உள்ளே வந்துடுவாங்க. கடைசி வரை முழுசா வரவே இல்ல. ஹோம்ஸ் கதையிலயும் இப்படி ஒண்ணு உண்டு. 1924ல வந்த ஒரு கதையில சுமத்ராவோட ராட்சச எலின்னு ஒரு கேஸை ஹோம்ஸ் போற போக்குல குறிப்பிடுவார், அந்தக் கதையை டாயில் எழுதவே இல்ல. சொல்லாம விட்ட ஒரு விஷயம், அந்த ஆளுக்கு நாம படிக்காத ஒரு வாழ்க்கை இருக்குன்னு நம்மை நம்ப வச்சிடுது.

இந்தப் பேச்சுதான் உயிர்ங்கிறதாலதான் சினிமாவுல இவங்க ஒட்டவே இல்லைன்னு நினைக்கிறேன். 1977ல 'காயத்ரி'யில ஜெய்சங்கர் கணேஷ். 1978ல எஸ்.பி. முத்துராமன் எடுத்த 'ப்ரியா'வுல ரஜினிகாந்த் கணேஷ், லண்டன் கதை சிங்கப்பூருக்குப் போச்சு. படமும் பாட்டும் ஹிட். ஆனா ரஜினியை யாரும் 'கணேஷ்'னு ஞாபகம் வச்சுக்கலை. குமுதத்துல ஜெயராஜ் வரைஞ்ச படங்களைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு ஒரு முகம், நமக்கு ஒரு முகம். யாரை நடிக்க வச்சாலும் பாதிப் பேர் "இவரா?"ன்னு கேட்பாங்க.

வசந்தோட கண்

இப்போ கஷ்டமான பகுதி. இந்த எபிசோட் பண்றேன்னு சொன்னதும் ஒரு ஃப்ரெண்ட் கேட்டா: "ஒரு பொண்ணு ரூமுக்குள்ள வந்தா வசந்த் முதல்ல எதைப் பாக்குறான்னு சொல்லுவியா, மாட்டியா?"

சொல்லணும். பெண் பாத்திரம் அறிமுகமாகிற இடத்துல நிறைய தடவை முதல்ல வர்றது அவங்க உடம்பு, உடை, வயசு. பேரும் வேலையும் அப்புறம்தான். வசந்த் கமென்ட் அடிப்பான், கணேஷ் "சும்மா இரு"ன்னு அதட்டுவான், ஆனா அந்தக் கமென்ட்டை நாம படிச்சு முடிச்சிருப்போம். அதட்டல் ஒரு சாக்கு மாதிரி ஆயிடுது. "அந்தக் காலம் அப்படி"ன்னு ஒரு பதில் இருக்கு. அந்தக் காலத்துலயும் பெண்கள்தான் அந்தப் பத்திரிகையைப் பாதிக்குப் பாதி படிச்சாங்க, அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யாராவது கேட்டோமா?

இன்னொரு பதில், "பிடிக்கலைன்னா படிக்காதே". அதுவும் எனக்கு ஒப்பலை. கேட்ட ஃப்ரெண்ட் இந்தக் கதைகளை என்னை விட அதிகமா படிச்சவ. அவளுக்கு அது பிடிக்கும், பிடிக்கிறப்பவே குத்தும். ரெண்டும் உண்மை. தர்க்கம் கத்துக் கொடுத்த அதே பக்கம், "நீ இந்தத் தர்க்கத்துக்குள்ள வேடிக்கைப் பொருள்தான்"னும் சொன்னா என்ன பண்றது?

என் நிலைப்பாடு இது. கணேஷ் நமக்குக் கத்துக் கொடுத்தது எதையும் அப்படியே எடுத்துக்காதேன்னுதான். அந்தக் குறுக்கு விசாரணையை அவனை எழுதினவர் மேலயும் நடத்தலாம், நடத்தணும். கூண்டுல ஏத்திக் கேள்வி கேட்டா வெறுக்கிறோம்னு அர்த்தம் இல்ல. அந்த ஃப்ரெண்ட் இதை முழுசா ஒத்துக்கலை. "நல்லா வாதாடுற, ஆனா குத்துறது எனக்குத்தானே"ன்னா. அந்த வாதத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. கேஸ் ஒத்திவைப்பு.

எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

இதுவரை ஒண்ணுமே படிக்காதவங்களுக்கு: முதல்ல 'கொலையுதிர் காலம்'. ராத்திரி தனியா படிக்க வேண்டாம்னு சம்பிரதாயமா சொல்லி வைக்கிறேன். அப்புறம் 'நைலான் கயிறு', கணேஷ் எப்படிப் பிறந்தான்னு பார்க்க. அதுக்கப்புறம் 'நிர்வாண நகரம்', 'மேற்கே ஒரு குற்றம்', எந்த வரிசையிலயும். எல்லாம் முடிச்சுட்டு ஜாலியா ஏதாவது வேணும்னா 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை': ராஜராஜ சோழன் காலத்துக்கே போய் கணேச பட்டர், வசந்தகுமாரன்னு நம்ம ஆளுங்களுக்கு வேஷம் கட்டி விட்டிருப்பார். ஆயிரம் வருஷம் பின்னாடி போனாலும் வாய் மட்டும் மாறலை.

படிக்கிறப்போ ஒரு சின்ன விளையாட்டு. கணேஷ் ஒரு முடிவுக்கு வர்ற இடத்துல புத்தகத்தை மூடிடுங்க. அவனுக்கு நேரா தெரிஞ்சது என்ன, அவன் ஊகிச்சது என்னன்னு ரெண்டு லிஸ்ட் போடுங்க. அடுத்த தடவை ஃபேமிலி குரூப்ல யாரோட போட்டோவாவது வந்து விழுந்தா, ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி அதே ரெண்டு லிஸ்ட். ரெண்டாவது லிஸ்ட்தான் நீளமா இருக்கும்.

அப்புறம், 'கொலையுதிர் காலம்' முடிச்சவங்க மட்டும்: நீங்க ஹோலோகிராம் கட்சியா, பேய் கட்சியா? காரணத்தோட வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல விசாரணை வச்சுக்கலாம். மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் முழுசா தெரியும்னு யாராவது சொன்னா மட்டும் நம்ப மாட்டேன், ஆதாரம் வேணும்.